உலகம்மாள் பாதியில் எழுந்து போன கதைகள்

மே 12, திங்கள்

காசி விசுவநாதர் கோபுரத்தைப் பார்த்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன்: இந்த டைரியில் நான் எழுதப்போவதை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருத்தர் நம்பமாட்டார். நம்புகிறவருக்கு நம் கடையிலிருந்து அண்டா ஒன்று இனாம். மூடி தரமாட்டேன்.

எழுதுகிறவன் குற்றாலலிங்கம். வயது ஐம்பத்தெட்டு. தென்காசியில் வாடகைப் பாத்திரக் கடை. மேற்கே செங்கோட்டை முதல் கிழக்கே ஆலங்குளம் வரை என் அண்டாவில் வேகாத கல்யாணச் சோறு கிடையாது. "இவன் வாயில வேகாத பொய்யும் கிடையாது" என்று என் அக்கா காந்திமதி சேர்த்துக்கொள்வாள். பொறாமை.

டைரி உரக்கடைக்காரர் தைப்பொங்கலுக்குக் கொடுத்தது. இவ்வளவு நாள் பரணில் கிடந்தது. இன்று ஏன் எடுத்தேன் என்றால், என் கதையைக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. என் தர்மபத்தினி உலகம்மாள் இருபத்தொன்பது வருஷமாக என் கதைகளின் ஏகபோக ரசிகை. அவள் சிரித்தால் கடையில் அடுக்கி வைத்த தாம்பாளமெல்லாம் கூடச் சேர்ந்து சிரிக்கும். திருடன் வந்து பாத்திரத்தை உருட்டுகிறான் என்று பக்கத்துத் தெருவில் விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவள் நேற்று நான் கதையை ஆரம்பித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். போன வாரமும் அப்படித்தான். பாதியில் எழுந்து போவது சினிமாவுக்கு நியாயம். புருஷனுக்கு?

இந்த டைரி எழுந்து போகாது. அந்த மட்டில் லாபம்.

மே 14, புதன்

பாவூர்சத்திரம் கிரகப்பிரவேசப் பாத்திரம் திரும்பி வந்தது. ஜல்லிக்கரண்டி ஒன்று குறைகிறது. இன்றும் எழுந்து போனாள்.

மே 18, ஞாயிறு

அக்கா வந்தாள். அவள் மகள் செண்பாவுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. ஆவணியில், செப்டம்பர் நாலாம் தேதி. பெண்ணுக்குத் தாய்மாமன் நான். அதாவது மாப்பிள்ளைக்கு அடுத்தபடி அன்றைக்கு மண்டபத்தில் முக்கியமானவன். மாப்பிள்ளையை விட என்றுதான் முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன்.

அக்கா காப்பியைக் குடித்துவிட்டு உலகம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி உலகு, தாலி கட்டுத நேரத்துக்கு குலவை நீதான். மேளக்காரன்ட்ட இப்பமே சொல்லிட்டேன், எங்க உலகு குலவை போட்டா நீ நாயனத்தைக் கீழ வச்சிரணும்னு."

உலகம்மாளின் குலவை பற்றி இங்கே எழுதிவைப்பது என் கடமை. ஒரு தடவை அம்மன் கோயில் கொடைவிழாவில் அவள் நாக்கைச் சுழற்றிக் குலவை விட்டபோது, கார்டு விசில் அடித்துவிட்டார் என்று நினைத்துச் செங்கோட்டை ரயில் பத்து நிமிஷம் முன்னாலேயே கிளம்பிவிட்டது. பாதிப் பேர் பிளாட்பாரத்தில் நின்றார்கள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தொண்டை சரியில்ல மதினி. வேற யாரையாவது போடச் சொல்லுங்க" என்றாள்.

"தொண்டை இப்பந்தான? கல்யாணத்துக்கு மூணு மாசத்துக்கு மேல கெடக்கு."

"நான் வரதே சந்தேகம் மதினி."

அக்கா போகும்போது வாசலில் என் சட்டையைப் பிடித்தாள். "ஏல குத்தாலம், அவளை என்னல செஞ்ச?"

நான் என்ன செய்தேன்? கதை சொன்னேன்.

மே 21, புதன்

ஆராய்ச்சி செய்து பார்த்ததில் தெரிந்தவை. உலகம்மாள் தண்ணீர் குடிப்பதில்லை. தொண்டையை நனைக்கிற அளவுக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். மோர் வேண்டாம் என்கிறாள். புளியங்கொட்டைக் கலர், கறுநீலம் என்று இருட்டுச் சேலையாகக் கட்டுகிறாள். பால்காரன் வருவதற்கு முன்னால் துணி துவைத்துக் காயப்போட்டுவிடுகிறாள். சுரண்டைக்குப் பஸ் ஏறலாம் என்றால் மூட்டுவலி வருகிறது. பிரதோஷத்துக்குக் கோயிலுக்கு வரவில்லை. பிராகாரம் சுற்ற முடியாதாம். போன கார்த்திகையில் கிரிவலம் போய்வந்தவள்!

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துக் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வந்தேன். என் கதை பழசாகிவிட்டது.

இனிமேல் புதுக் கதை. இதுவரை மனிதகுலம் கேட்டிராத கதை.

மே 25, ஞாயிறு

இன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து அவள் வெற்றிலை போட உட்கார்ந்த சமயம் பார்த்து ஆரம்பித்தேன்.

கடையநல்லூரில் ஒரு கல்யாணம். நம் கடையிலிருந்துதான் அண்டா. சாம்பார் அண்டா எவ்வளவு பெரிது என்றால் கரையில் நின்று கிண்ட முடியாது. பரிசல் விட்டார்கள். சமையல்காரர் உப்பு மூட்டையோடு பரிசலில் ஏறி, நடுச் சாம்பாருக்குப் போய், உப்பைப் போட்டுவிட்டுத் துடுப்புப் போட்டுத் திரும்பி வந்து கரையேறினார். "பந்தி போடலாமா?" என்று கேட்டார். "எந்தப் பந்தி?" என்கிறார்கள். கல்யாணம் முடிந்து அந்த மாப்பிள்ளையின் பிள்ளைக்கு அன்றைக்குக் காதுகுத்து. "அதனால என்ன? காதுகுத்துக்கு ஊத்துங்க, இப்பந்தான் உப்பு சரியா இருக்கு" என்றாராம்.

முதலில் அவள் உதடு துடித்தது. பரிசலில் கன்னம் உப்பியது. காதுகுத்தில் வெடித்தாள். ஆகா, அந்தச் சிரிப்பு! பரணில் தாம்பாளம் ஒரு தடவை கிணுங்கியது. அடுத்த நொடி அவள் முகம் மாறிப்போனது. மின்சாரம் போன வீடு மாதிரி. இரண்டு முழங்காலையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு, உட்கார்ந்திருந்த மெத்தைத் துண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டாள்.

வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம். கதவுக்கு வெளியே நின்றேன்.

"உலகு?"

"இனிமே எங்கிட்ட கதை சொல்லாதீங்க." குரல் அழுகிற குரல். "கையெடுத்துக் கும்பிடுதேன். சொல்லாதீங்க."

மெத்தைத் துண்டை எதற்கு எடுத்துப்போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதிவைக்கிறேன்.

மே 26, திங்கள்

கதை சொல்லவில்லை. இட்லி நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லவில்லை. அதைச் சொன்னாலும் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன்.

மே 29, வியாழன்

கடையில் அவளும் நானுமாகப் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தோம். நாலு நாளாக அடக்கிவைத்திருந்த ரோஷம் பொங்கிவிட்டது.

"நேரடியாச் சொல்லிரு உலகு. எங்கதை புளிச்சுப்போச்சா?"

"புளிச்சிருந்தா நான் நிம்மதியா உக்காந்திருப்பேன்லா." கையிலிருந்த கரண்டியைத் தாம்பாளத்தில் வைத்தாள். "சிரிச்சா நிக்க மாட்டேங்குங்க."

"எது நிக்க மாட்டேங்கு?"

"ஒண்ணுக்கு."

நான் அண்டாவைப் பார்த்தேன். அண்டா என்னைப் பார்த்தது.

"சிரிச்சா, தும்முனா, இருமுனா, ஒரு குண்டானைத் தூக்குனாக்கூட... கொஞ்சந்தான். ஆனா தெரிஞ்சிருமோ, வாடை வந்திருமோன்னு உயிரு போவுது. ரெண்டு வருசமா இப்படித்தான் கெடக்கேன், இப்பம் ரொம்பக் கூடிப்போச்சு. எங்க அம்மைக்கும் இருந்துச்சு. பொம்பளைப் பொறப்புக்கு உள்ளதுன்னு சொல்லிட்டே செத்துப்போனா." மூக்கை உறிஞ்சினாள். "மண்டபத்துல பட்டுச்சேலையோட, அத்தனை பேரு முன்னால நின்னு, அடிவயித்துலேர்ந்து குலவை போடணும்லா? எப்படிங்க போடுவேன்? நாளைக்கு செண்பாவோட மாமியாக்காரி, 'பொண்ணுக்கு மாமி மணவறையை நனைச்சிட்டா'ன்னு சொல்லமாட்டாளா?"

இந்த இடத்தில் ஒரு பெரிய பொய்யாக எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண் டாக்டர் இருப்பதாக மருந்துக்கடையில் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

அவள் வரமாட்டேன் என்கிறாள். "இதைப் போயி எப்படிங்க ஒருத்தர்ட்ட சொல்ல?"

"எங்கிட்ட சொன்னேல்ல? நான் ஊருக்கே ஒலிபெருக்கி. டாக்டர் வாயைத் திறக்கமாட்டாங்க."

லேசாகச் சிரித்தாள். உடனே முழங்காலைச் சேர்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

பஸ்ஸுக்கு ஒப்பவில்லை. ரயிலில் போனோம், அதில் கழிப்பறை உண்டு. கழிப்பறைப் பக்கத்து இருக்கையைப் பிடிக்க நான் நடத்திய யுத்தத்தைத் தனியாக ஒரு காண்டமாக எழுதவேண்டும்.

டாக்டர் ஜெஸிந்தா என் மகன் வயதுதான் இருப்பார். உலகம்மாளிடம் கேட்டார்: "எப்பல்லாம் போகுதும்மா? இருமும்போது, தும்மும்போதா? இல்ல, அவசரமா வந்து பாத்ரூம் போறதுக்குள்ளயா?"

"டாக்டரம்மா, இவ சிரிச்சான்னா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"ஐயா, மூத்திரப்பை உங்களுதா, அவங்களுதா?"

வெளியே போய் உட்கார்ந்தேன். உள்ளே கேட்டதை எல்லாம் அவள் பிறகு சொன்னாள். பிரசவம் எப்படி, மாதவிலக்கு நின்று எவ்வளவு காலம், மலச்சிக்கல் உண்டா, கனம் தூக்குவீங்களா. எங்கள் மகன் பிறக்கும்போது நாலு கிலோ, ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். ஊரில் பதினாலு கிலோ என்று நான் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் நாலு என்றே சொல்லியிருக்கிறாள். அண்டா தூக்கியதையும் சொன்னாளாம். மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று பரிசோதனைக்குக் கொடுத்தாள். அதில் ஒன்றும் இல்லை.

அடுத்து இருமல் சோதனை. இதற்குத் தண்ணீர் குடித்து மூத்திரம் முட்ட வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இருமச் சொல்லி, கசிகிறதா என்று டாக்டர் கண்ணால் பார்ப்பார். உலகம்மாள் இருமினாள். வெளியே இருந்த எனக்குக் கேட்டது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் "உள்ள வரலாமா" என்று கேட்கிற மாதிரி ஒரு இருமல்.

"நல்லா இருமுங்கம்மா."

இன்னொன்று. அதற்கும் மரியாதை. ரெண்டு வருஷமாக இறுக்கிப் பழகியவள். அந்நியர் முன்னால் விட்டுவிடுவாளா?

கதவு திறந்தது. நர்ஸ் என்னைப் பார்த்தாள். "நீங்கதான் கதை சொல்லுவீங்களாமே? டாக்டர் கூப்பிடுதாங்க."

அந்தப் பக்கம் பச்சைத் திரை. திரைக்கு அந்தப்புறம் என் மனைவி. இந்தப்புறம் நான். டாக்டரின் குரல்: "ஐயா, இவங்களைச் சிரிக்க வைங்க."

ஆயிரம் பந்திக்கு நடுவே கதை சொன்னவன் நான். அப்பளம் பொரிகிற சத்தத்தில்கூட என் குரல் மங்கியதில்லை. அந்தத் திரைக்கு முன்னால் நின்றபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு ஊர்ல ஒரு ராஜா என்றேன். எந்த ஊர் என்று தெரியவில்லை. அண்டா என்றேன். அதுவும் காலி.

"ஏட்டி உலகு," என்றேன், பள்ளிக்கூடத்தில் முட்டுப்போட்ட பையன் குரலில், "எனக்கு ஒண்ணுமே வர மாட்டேங்கே. நீயே எதாவது சொல்லேன்."

அடுத்து அவள் சிரித்தாள் பாருங்கள்! கட்டில் கிறீச்சிட்டது. டாக்டர் சிரித்தார். நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்மா, போதும், பாத்துட்டேன்!" என்றார் டாக்டர். "இதுதான் எனக்கு வேணும்."

மூத்திரம் போய்வந்த பிறகு உள்ளே மிச்சம் தங்குகிறதா என்று ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். தங்கவில்லை. டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். இடுப்புக்கு அடியில் மூத்திரப்பையைத் தாங்குகிற தசை தொய்ந்திருக்கிறது. இருமினாலோ சிரித்தாலோ வயிறு மேலிருந்து அழுத்தும். கீழே பிடிமானம் இல்லாததால் கசிகிறது. ஊரில் எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது, வெளியே சொல்வதில்லை.

"வயசானா எல்லாருக்கும் வரதுதான?" என்றாள் உலகம்மாள்.

"நிறைய பேருக்கு வருது. அதுக்காகப் பொறுத்துக்கணும்னு இல்ல. தண்ணியைக் குறைக்காதீங்க, காப்பியைக் குறைங்க. மலச்சிக்கல் வராமப் பாத்துக்கோங்க. அண்டாவை ஐயா தூக்கட்டும். அந்தத் தசைக்குப் பயிற்சி இருக்கு, சரியா செஞ்சு மூணு மாசம் பாப்போம். போதலைன்னா ஆபரேஷனும் இருக்கு. அதை அப்புறம் பேசலாம்."

"செப்டம்பர் நாலுக்குள்ள நின்னுருமா டாக்டர்?"

"நல்லாக் குறைய வாய்ப்பு இருக்கு. அடியோட நின்னுரும்னு சத்தியம் பண்ணமாட்டேன்மா."

சத்தியம் பண்ணாத ஒருத்தரை என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

ஜூன் 7, சனி

வீட்டில் இப்போது இரண்டு டைரி. டாக்டர் கொடுத்த தாளில் மூன்று நாளைக்கு என்ன குடித்தாள், எப்போது போனாள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று உலகம்மாள் எழுதவேண்டும். எட்டிப் பார்த்தேன். மருந்துக்குக்கூட ஒரு பொய் இல்லை. இலக்கியத்துக்கு லாயக்கில்லை. ஒரே இடத்தில் மட்டும், கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதற்கு, "அவிய பேச்சைக் கேட்டுட்டு இருந்தேன்" என்று எழுதியிருக்கிறாள்.

இன்று முதல் கதை விரதம். கல்யாணம் வரைக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

பயிற்சி சொல்லிக் கொடுப்பவர் ஷமீமா என்கிற பிசியோதெரபிஸ்ட். சபை நடுவே காற்றுப் பிரியப் பார்த்தால் எப்படி இறுக்கிப் பிடிப்போமோ அந்தத் தசையை உள்ளே, மேலே இழுக்கவேண்டும். கொஞ்சம் பிடித்து வைத்து, விட்டு, திரும்ப. மூச்சை அடக்கக்கூடாது. தொடையை நெருக்கக்கூடாது. மூத்திரம் போகும்போது நடுவில் நிறுத்தியும் பழகக்கூடாது. முகத்தைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்குத் தெரியவே கூடாதாம்.

உலகம்மாள் முதலில் செய்தபோது கண் இரண்டும் வெளியே வந்து, புருவம் உச்சந்தலைக்குப் போய், கருப்பசாமி இறங்கிவிட்டார் என்று நான் விபூதியைத் தேடினேன். இதைச் சொல்லவில்லை. விரதம். எழுதிக்கொள்கிறேன்.

ஆண்களுக்கும் அந்தத் தசை உண்டாம். தனியாக அவள் செய்கிறாளே என்று நானும் செய்கிறேன். நேற்று ஒருவர் கல்யாணத்துக்குப் பாத்திரம் பேச வந்தார். நான் இறுக்கிப் பிடித்திருந்த நேரம். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு இவ்வளவு மரியாதையா உக்காந்திருக்கிய?" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா அல்வாவோடு வந்துவிட்டாள். சமாதானத் தூது. நான் கடையில் வாயைத் திறப்பதில்லை என்ற செய்தி ஊரெல்லாம் பரவி, எனக்கும் உலகம்மாளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று முடிவாகி, நான் சாமியாராகப் போகப்போகிறேன் என்று வளர்ந்திருக்கிறது. இவ்வளவு நாள் நான் ஊருக்குச் சொன்னதை ஊர் எனக்குத் திருப்பித் தருகிறது.

"ஏல, எம்மக கல்யாணத்தை வச்சுக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கிட்டு இருக்கிய. என்ன கொறை வச்சேன் நான்? உலகு, நீயாவது சொல்லுட்டி. எம்மேல கோவமா?"

"ஐயோ மதினி, உங்க மேல எனக்கென்ன கோவம்?"

"அப்பம் எதுக்கு வரமாட்டேங்க?"

உலகம்மாள் என்னைப் பார்த்தாள். நான் அல்வாவைப் பார்த்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். அல்வா இறங்கவில்லை. பாதிதான் சாப்பிட்டேன். முக்கால்.

ஜூலை 2, புதன்

குற்றாலத்துச் சாரல் தெருவரைக்கும் வந்துவிட்டது. உலகம்மாள் முற்றத்தில் தும்மினாள். ஓடவில்லை.

ஜூலை 3, வியாழன்

விவரம் கேட்டேன். தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ள ஷமீமா சொல்லிக்கொடுத்திருக்கிறார். "சொட்டுக்கூட இல்லீங்க" என்று என் காதோடு சொன்னாள். சொட்டு நீலம் விற்கிறவன்கூட அந்தச் சொல்லை அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்கமாட்டான்.

ஜூலை 20, ஞாயிறு

கடையில் ஆள் வராத நாள். நான் வெளியே போயிருந்தபோது, அவசரம் என்று வந்தவருக்காக ஒரு பெரிய தேக்சாவைத் தூக்கிவிட்டிருக்கிறாள். நான் வரும்போது உள்ளறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"போங்க, எல்லாம் வீணு. ஒன்றரை மாசமா சிலை மாதிரி உக்காந்து இறுக்கிப் பிடிச்சதெல்லாம் ஒரு தேக்சாவுல போச்சு. நான் கல்யாணத்துக்கு வரலை."

"அப்பம் நானும் போகலை."

"கோட்டியா உங்களுக்கு? தாய்மாமன் இல்லாம பொண்ணுக்கு மாலை யாரு எடுத்துப் போடுவா?"

"அண்டா போய்ப் போடட்டும்."

இது கதையல்ல, விரதம் முறியாது என்பது என் கட்சி. அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷமீமாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் வழுக்கியதால் பயிற்சி வீண் என்று அர்த்தமில்லை, இனிமேல் தூக்காமல் தொடர்ந்து செய்யுங்கள் என்றாராம்.

போனை வைத்துவிட்டு உலகம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "மதினிட்ட சொல்லிருதேன். அவிய என்னத்தையோ நெனச்சு அழுதுட்டு இருக்காவ. நான் வராட்டாலும் காரணம் தெரியட்டும்."

ஜூலை 22, செவ்வாய்

அக்கா வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டாள். நான் அத்தானோடு வெளி அறையில் பந்தல்காரர் கணக்குப் பேசுகிற பாவனையில் காதை உள்ளே அனுப்பியிருந்தேன்.

உலகம்மாள் சொல்லி முடித்ததும் அக்காவிடமிருந்து சத்தமே இல்லை. என் அக்கா சத்தமில்லாமல் இருப்பதை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பிறகு மெல்ல:

"ஏட்டி... எனக்கும்தான்."

"என்ன மதினி சொல்லுதிய?"

"செண்பா பொறந்ததுலேர்ந்து. உங்க அண்ணாச்சியோட பழைய வேட்டியைக் கிழிச்சு மடிச்சு வச்சிட்டு அலையுதேன். நீ குலவை போடணும்னு நான் ஏன் தலைகீழா நின்னேன்? பொண்ணுக்கு அம்மாதான முதல்ல போடணும்? என்னால முடியாதுட்டி. எனக்குத் தும்முனா தாமிரபரணி."

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டே, "ஐயோ, இறுக்கு இறுக்கு" என்றாள் ஒருத்தி. "எங்கன இறுக்க, எனக்குத் தெரியாதே" என்றாள் மற்றவள். இரண்டு பேரும் ஒரே குளியலறைக் கதவுக்கு ஓடினார்கள்.

அத்தான் கேட்டார்: "என்ன மாப்ள, உள்ள என்ன?"

"கல்யாண வேலை அத்தான்" என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

அக்காவும் ஜெஸிந்தா டாக்டரைப் பார்த்துவிட்டாள். தினம் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். டிவி தொடருக்கு முன்னால் மூன்று பேரும் வரிசையாக உட்காருகிறோம். மாமியார் மருமகளை அறைகிறாள், நாங்கள் இறுக்குகிறோம். விளம்பரத்தில் விடுகிறோம். கல்யாணப்பெண் செண்பா வந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "மாமா, எல்லாரும் என்ன ஒரு மாதிரி இருக்கிய?" என்றாள்.

அக்கா சொன்னாள்: "உக்காரு. உனக்கும் சொல்லித் தாரேன். எங்களுக்கு யாரும் சொல்லித் தரலை."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சீர்த்தட்டுக்குப் பழம் சொல்லியாயிற்று. உலகம்மாள் பட்டுச்சேலை எடுத்துவந்திருக்கிறாள். வெந்தய மஞ்சள், தண்ணீர் பட்டால் பத்தடியில் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வருகிறாள். குலவையைப் பற்றி "அப்பப் பாத்துக்கிடுவோம்" என்கிறாள். பையில் நாப்கினும் மாற்றுச்சேலையும் வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 4, வியாழன்

தாய்மாமன் மாலை போட்டாயிற்று. அந்த மாலையில் குற்றால மலையின் மொத்தப் பூவும் இருந்தது; மலையில் வேலை போன இரண்டு வண்டு பின்னாலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டன.

முகூர்த்த நேரம். ஐயர் தாலியைச் சபையில் காட்டித் திரும்பிவிட்டார். மேளக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா உலகம்மாளைப் பார்த்தாள். உலகம்மாள் மணவறை மேடையில் படிக்குப் பக்கத்தில் வெந்தய மஞ்சளில் நின்றாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஷமீமா பார்த்திருந்தால் மெடல் கொடுத்திருப்பார். வேண்டாம் என்றுதான் மனசுக்குள் சொன்னேன். குலவை இல்லாமலும் கல்யாணம் நடக்கும். நீ நிற்பதே போதும்.

மாப்பிள்ளை கையைத் தூக்கினார்.

உலகம்மாள் நாக்கைச் சுழற்றினாள்.

அந்தக் குலவை மண்டபக் கூரையில் மோதி, ஜன்னல் வழியே வெளியேறி, பழைய பஸ் நிலையத்தில் தூங்கிய மூன்று டிரைவர்களை எழுப்பி, மலையேறிக் கேரளாவுக்குப் போனது. அங்கே ஒருவர், "தென்காசியில யாருக்கோ கல்யாணம்" என்றாராம். மேளக்காரர் நிஜமாகவே நாயனத்தைக் கீழே வைத்தார். அவள் படி இறங்கும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். செண்பா தாலியைத் தொட்டுக்கொண்டே எங்களைத் திரும்பிப் பார்த்து அழுதாள்.

பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். சம்பந்தக்காரர் ஒருவர், "அண்ணாச்சி கதை சொல்லுவியளாமே, ஒண்ணு எடுத்துவிடுங்க" என்றார்.

"விரதம்" என்றேன்.

"சொல்லுங்க" என்றாள் உலகம்மாள்.

அவளைப் பார்த்தேன்.

"சொல்லுங்கங்கேன்!"

சொன்னேன். எங்கள் அத்தான் கல்யாணத்தில் பொரித்த அப்பளம். அகலம் பார்த்து ஆசைப்பட்டு அத்தான் அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். ஆடிக்காற்று ஒரு தூக்குத் தூக்கிற்று. அப்பளமும் அத்தானுமாகச் செங்கோட்டை தாண்டிச் செக்போஸ்டில் போய் இறங்கினார்கள். போலீஸ்காரர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது வாகனமா, பலகாரமா? வாகனம்னா ஆர்.சி. புக்கை எடு" என்றார். அத்தான் யோசித்தார். ஓரத்தில் ஒரு கடி கடித்துக் காட்டினார். "பலகாரந்தான், போ" என்று விட்டுவிட்டார். "ஆனா திரும்பி வரும்போது இவ்வளவு அப்பளமும் இருக்கணும், இல்லாட்டா நடந்துதான் வரணும்!"

பலகாரம் என்ற இடத்திலேயே உலகம்மாள் சாய்ந்துவிட்டாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, பக்கத்திலிருந்த அத்தான் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தாள். நான் அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

மண்டபப் பாத்திரமெல்லாம் கடைக்கு வந்தாயிற்று. அண்டாவை நான்தான் இறக்கினேன். இடுப்பு போயிற்று. எனக்கும் ஒரு டாக்டர் தேவைப்படலாம்.

சொன்னபடி, யாரும் நம்பமாட்டாத கதையை எழுதி முடித்துவிட்டேன். ரயில் முன்கூட்டிக் கிளம்பியது பொய். பரிசல் பொய். குலவை மலையேறிக் கேரளாவுக்குப் போனதும் பொய். திரைக்கு முன்னால் எனக்குக் கதை வராமல் போனதும் பொய் என்றுதான் ஊரில் சொல்லப்போகிறேன். என் தொழில் கெட்டுப்போகும். இத்தனையையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஒரே ஒரு சின்ன விஷயம்தான் நிஜம்.

கல்யாணத்தன்று ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது மெல்லக் கேட்டேன். "எப்படி உலகு?"

"குலவைக்கு ஒண்ணுமே இல்லீங்க." ஆட்டோக்காரரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உங்க அப்பளத்துக்குத்தான் லேசா. நாப்கின் வச்சிருந்தேன், வெளிய தெரியலை. அடுத்த வாரம் டாக்டர்ட்ட சொல்லணும்."

"அப்பம் ஏன்ட்டி எந்திரிச்சுப் போகலை?"

அவள் என்னை ஒரு கோட்டிக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"முடிவு கேக்கணும்லா?"